அக்கரையில் வைத்த காவல்

சிசிலித் தீவின் மேற்குக் கரைக்கும் ஆப்பிரிக்காவின் போன் முனைக்கும் இடையிலுள்ள கடலின் அகலம் 150 கிலோமீட்டருக்கும் குறைவு. பலேர்மோத் துறைமுகத்தில் மாலையில் கப்பலேறிய பிரயாணி இரவு படுத்துறங்கி எழுந்தால், மறுநாள் துனிசியத் தலைநகரை அடுத்த லா குலெத் துறையில் இறங்கிவிடலாம். விசா முத்திரை குத்திய கடவுச்சீட்டு கையில் இருந்தால் போதும். அந்த முத்திரை கிடைக்கப்பெறாத ஜனங்களில், 2014ஆம் ஆண்டுக்குப் பின் மட்டும், மத்தியதரைக் கடலில் இறந்தும் காணாமலும் போனவர்கள் 30,000 பேருக்கு மேல் என்று ஐக்கிய நாடுகளின் புலம்பெயர்வு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. இந்த ஜனங்களைக் கரை சேருமுன்பே தடுத்து நிறுத்தும் வேலையை, சட்டத்தின் ஆட்சியைப் பெருமையாகப் பேசும் ஐரோப்பிய தேசங்கள், அச்சட்டத்தைத் தம் நாட்டில் தலையெடுக்க விடாத ஆட்சியாளர்களிடம் பணம் கொடுத்து ஒப்படைத்திருக்கும் ஏற்பாட்டைப் பற்றி நெடுநாளாகப் படித்து வந்த எனக்கு, அந்தக் கடலின் இரு கரைகளையும் நேரில் கண்டாலன்றி மனம் தெளியாது என்ற எண்ணம் வலுத்ததால், ஒரு வசந்த காலத்தில் பலேர்மோவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பலேர்மோ நகரத்தில் ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். நகரத்தின் காவல் தெய்வமான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெக்ரீனோ மலைச்சாலையில், கிறிஸ்தவரும் சைவருமாகக் குடும்பத்தோடு நடந்தேறிச் செல்லும் அவர்களைக் கண்டபோது, எந்த மண்ணில் போய் விழுந்தாலும் அங்குள்ள தெய்வத்தோடு உறவு வைத்துக்கொள்ளும் நம் இனத்தின் சுபாவம் என் உள்ளத்தைத் தொட்டது. அங்கே அறிமுகமான யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர், ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை பார்ப்பவர், தமது விடுமுறை நாளில் என்னைப் போர்த்தோபாலோவுக்கு அழைத்துச் சென்றார்.

போர்த்தோபாலோ சிசிலியின் தென்கிழக்கு முனையில், துனிஸ் நகரின் அட்சரேகைக்கும் சற்றுத் தெற்கே இருக்கும் சிறிய மீன்பிடித் துறை. கரையோரம் வலைகளைப் பரப்பிவைத்துப் பிரித்துக் கொண்டிருந்தார்கள். நீலமும் வெள்ளையும் பூசிய படகுகள் நெருக்கமாக நின்றன. 1996ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், இக்கரைக்கு எதிரே நடுக்கடலில், ‘யோஹான்’ என்ற கப்பலிலிருந்து ஒரு சிறு படகுக்கு மாற்றப்பட்ட இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் ஆகியோருள் 283 பேரேனும் அந்தப் படகோடு மூழ்கி மாண்டனர். உயிர் தப்பியவர்கள் கிரீஸ் நாட்டில் கரையேறி நடந்ததைச் சொன்னார்கள். இத்தாலிய அதிகாரிகள் நம்பவில்லை. போர்த்தோபாலோ மீனவர் வலைகளில் அதற்குப் பின் மனித உடல்கள் ஏறின. தகவல் கொடுத்தால் விசாரணை, விசாரணை முடியுமட்டும் படகு கரையில் நிற்க வேண்டும், தொழில் போய்விடும் என்ற அச்சத்தில், அவர்கள் அவ்வுடல்களைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிட்டு வாய் திறவாதிருந்தார்கள். நான்கு வருஷங்கள் கழிந்து, வலையில் சிக்கிய ஒரு தமிழ் இளைஞனின் அடையாள அட்டையைத் தூக்கி எறிய மனம் வராத ஒரு மீனவர், ஜொவான்னி மரியா பெல்லு என்ற பத்திரிகையாளரிடம் அதை ஒப்படைத்தார். 2001ஆம் ஆண்டில் ஆழ்கடலுக்குள் கருவி இறக்கி எடுத்த படங்கள் வெளியான பிறகுதான், அப்படி ஒரு விபத்து நடந்தது என்பதையே அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

என்னோடு வந்த அன்பர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். “அண்ணை, 95 கடைசியில யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த காலம் அது. காணியை ஈடு வைச்சு, தாலிக்கொடியை வித்து, ஏஜென்சிக்குக் காசு கட்டித்தான் எல்லாரும் வெளிக்கிட்டது. நானும் அப்பிடித்தான் வந்தனான். எந்தக் கப்பல், எந்தக் கடல் எண்டு ஆருக்குத் தெரியும்? அந்தப் பெடியள்ட தாய்மார் கடிதம் வரும் வரும் எண்டு எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பினம்!” என்றார். நான் பதில் சொல்லவில்லை. எவர் கண்ணிலும் படாத இடத்தில் நிகழும் மரணத்தை இல்லையென்று சாதிக்க ஓர் அரசாங்கத்தால் எத்தனை சுலபமாக முடிகிறது என்பதை அத்துறையில் நின்று உணர்ந்துகொண்டேன். பின்னர் நான் கண்டவற்றை விளங்கிக்கொள்ள அந்த உணர்வு எனக்குத் துணை செய்தது.

லாம்பெதூசாவுக்குப் போர்த்தோ எம்பெதோக்கிளே துறையிலிருந்து இரவுக் கப்பல் செல்கிறது. ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டர் பரப்பும் 6,000 ஜனங்களும் கொண்ட அத்தீவு அரசியலில் இத்தாலியைச் சேர்ந்ததாயினும், தூரத்தில் சிசிலியைக் காட்டிலும் துனிசியாவுக்கே அண்மையானது. மரமற்ற சுண்ணாம்புப் பாறை. சுற்றிலும் பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட ஒரு நிறத்தில் தெளிந்த நீர். தென்கோடியில், கடலைப் பார்த்தபடி, மிம்மோ பலாதீனோ என்ற சிற்பி 2008ஆம் ஆண்டில் அமைத்த ‘ஐரோப்பாவின் வாயில்’ நிற்கிறது. கதவில்லாத அந்த வாயிலின் சுடுமண் பரப்பை நெருங்கிப் பார்த்தால், செருப்புகள், கிண்ணங்கள், தொப்பிகள் எனக் கடலில் போனவர்களின் உடைமைகளைப் போன்ற உருவங்கள் புடைத்துத் தெரிகின்றன. உப்புக் காற்று அரித்துச் சில இடங்களில் சுடுமண் பெயர்ந்திருந்தது.

இத்தீவுக்கு மிக அருகில், கரை விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில், 2013ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் விடியுமுன், லிபியாவின் மிஸ்ரத்தாவிலிருந்து வந்த ஒரு படகு கவிழ்ந்தது. இயந்திரம் நின்றுபோய்த் தத்தளித்தவர்கள் கரையிலுள்ளோர் கவனத்தை ஈர்க்க ஒரு கம்பளியைக் கொளுத்த, தீக்கு அஞ்சி எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்க, படகு புரண்டது. மாண்டவர் 368 பேர். பெரும்பாலோர் எரித்ரியாவைச் சேர்ந்தவர்கள், கட்டாய ராணுவ சேவைக்கு முடிவே விதிக்காத ஓர் ஆட்சியிலிருந்து ஓடி வந்தவர்கள். அதன் பின் இத்தாலி தன் கடற்படையைக் கொண்டு ‘மாரே நோஸ்த்ரும்’ என்ற மீட்புப் பணியை நடத்தி, ஒரே வருஷத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் உயிர்களைக் காப்பாற்றிற்று. மாதம் சுமார் 90 லட்சம் யூரோ செலவாகிறதென்றும், மற்ற தேசங்கள் பங்கேற்க முன்வரவில்லையென்றும் கூறி 2014 அக்டோபர் இறுதியில் அதை நிறுத்திவிட்டார்கள். ஒரு தேசம் தன் கையால் செய்த புண்ணிய காரியங்களுள் அந்த மீட்புப் பணியை மிக உயர்ந்ததாக நான் மதிக்கிறேன்.

நான் தங்கியிருந்த விடுதியை நடத்திய அம்மையார், கரையேறியவர்களுக்குப் பலமுறை வீட்டிலிருந்தே உணவு சமைத்து எடுத்துச் சென்றவர். 2023 செப்டம்பரில் தீவின் ஜனத்தொகையை மிஞ்சும் எண்ணிக்கையில் இரண்டொரு நாளில் அகதிகள் வந்திறங்கியதை அவர் விவரித்துவிட்டு, “எங்களால் எவ்வளவு தாங்க முடியும்? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களோடு பேசாமல் வேறு யாரோடு பேசுவது? அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று நாங்களா தேர்ந்தெடுத்தோம்?” என்று கேட்டார். இக்கேள்வியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அண்டை நாட்டை எவரும் பொறுக்கி எடுத்துக்கொள்ள முடியாது. எண்ணிக்கையும் அவர் பக்கமே பேசுவது போல் தோன்றும்: 2016ஆம் ஆண்டில் கடல் வழியாக இத்தாலி சேர்ந்தவர் 1,81,000 பேர், லிபியாவோடு ஒப்பந்தம் ஆன பின், 2018இல் அத்தொகை ஏறத்தாழ 23,000 ஆகக் குறைந்தது. ஆனால் அந்த வித்தியாசத்துக்குள் அடங்கிய மனிதர்கள் என்னவானார்கள் என்பதைக் கேட்டறிந்த பிறகே அதை வெற்றி என்று சொல்ல ஒருவருக்கு உரிமை வரும்.

அதை அறிய ஒரு வழக்கிலிருந்து தொடங்க வேண்டும். இத்தாலி 1911ஆம் ஆண்டில் படையெடுத்து லிபியாவைத் தன் காலனியாக ஆண்டது. எதிர்த்துப் போரிட்ட முதியவர் உமர் முக்தாரை 1931இல் தூக்கிலிட்டது. அந்தப் பழைய பாவத்துக்குப் பரிகாரம் என்ற பெயரில், 2008 ஆகஸ்டில் பெங்காசி நகரத்தில் இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனியும் லிபியாவை ஆண்ட கடாபியும் ஒரு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இருபது வருஷங்களில் 500 கோடி டாலர் தருவதாக இத்தாலி வாக்களித்தது. பதிலுக்கு லிபியா தன் கரையிலிருந்து ஆட்கள் புறப்படாதபடி காவல் செய்ய வேண்டும். காலனி ஆட்சியில் நொந்த ஒரு ஜனசமூகத்துக்குச் சேர வேண்டிய ஈட்டுத் தொகையை, வேறு ஏழை ஜனங்களை அடைத்துவைப்பதற்கான கூலியோடு பிணைத்ததே முதல் அதர்மம் என்பது என் அபிப்பிராயம். 2009 மே 6ஆம் நாள் லாம்பெதூசாவுக்குத் தெற்கே 35 கடல் மைல் தொலைவில், சுமார் 200 சோமாலியரும் எரித்ரியரும் பிறரும் வந்த படகுகளை இத்தாலியக் கப்பல்கள் மறித்து, அவர்களைத் தம் தளத்தில் ஏற்றிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று சொல்லாமலேயே திரிப்போலிக்குக் கொண்டுபோய் லிபிய அதிகாரிகள் கையில் ஒப்படைத்தன. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் லிபியா கையொப்பமே இட்டதில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்களுள் 24 பேர் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் முறையிட, அதன் பேராயம் 2012 பிப்ரவரி 23ஆம் நாள் ஏகமனதாகத் தீர்ப்புக் கூறிற்று: இத்தாலியக் கப்பலில் கால் வைத்த கணமே அவர்கள் இத்தாலியின் பொறுப்புக்குள் வந்துவிட்டார்கள், சித்திரவதை காத்திருக்கும் இடத்துக்கு அவர்களை அனுப்பியது குற்றம், வேறொரு தேசத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் காட்டி அப்பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது.

இத்தீர்ப்பு இத்தாலியின் கையைக் கட்டியது. ஆகவே வேறு கை தேடினார்கள். கடாபி வீழ்ந்து, ஆயுதக் குழுக்களின் தயவில் ஓர் அரசாங்கம் திரிப்போலியில் நின்று கொண்டிருந்த சமயம், 2017 பிப்ரவரி 2ஆம் நாள், இத்தாலியப் பிரதமர் ஜென்திலோனியும் லிபிய அரசாங்கத் தலைவர் சராஜும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இத்தாலிய நாடாளுமன்றத்தின் அங்கீகாரத்துக்கு அது வைக்கப்படவில்லை. ரோந்துப் படகுகளும் பயிற்சியும் இத்தாலியிடமிருந்து போயின. நடுக்கடலில் ஆட்களைப் பிடித்துத் திருப்பும் காரியம் மட்டும் லிபியக் கொடியின் கீழ் நடந்தது. பிடிபட்டவர்கள் போய்ச் சேரும் தடுப்பு முகாம்களில் அடி, பட்டினி, பாலியல் வன்முறை, உறவினரிடம் பணம் பறிப்பதற்கான சித்திரவதை ஆகியவை நடப்பதை ஐக்கிய நாடுகளின் அறிக்கைகள் ஆண்டுதோறும் எழுதி வந்தன. 2019 ஜூலையில் தஜூரா முகாமின் மீது குண்டு விழுந்து, பூட்டிய கொட்டடிக்குள் 53 பேர் மடிந்தனர். சாவியா நகரக் கடற்காவல் தலைவன் ‘பிஜா’ என்பவன் ஆள்கடத்தலில் ஈடுபட்டவன் என்று 2018இல் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு சபை தடை விதித்தது. அவனே அதற்கு முந்தின வருஷம் இத்தாலிக்கு அதிகார பூர்வ விருந்தாளியாக வந்து போயிருந்தான். 2023 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் உண்மையறியும் குழு, லிபியாவில் புலம்பெயர்ந்தோருக்கு இழைக்கப்படுபவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களே என்றும், ஐரோப்பிய ஒன்றியம் அளித்த உதவி அவற்றுக்குத் துணை போயிற்று என்றும் முடிவு கூறிற்று. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பெரியோர் சொன்னது இத்தகைய காரியங்களுக்கே பொருந்தும்.

பலேர்மோவிலிருந்து கப்பலேறி லா குலெத்தில் இறங்கியதும் என் கண்ணில் பட்டவை சிசிலியைப் போலவே இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியின் ஏழை மீனவரும் குடியானவரும் கூட்டங்கூட்டமாகப் படகேறி, அநேகர் எவ்வித அனுமதிச் சீட்டுமின்றி, இங்கே வந்து குடியேறினார்கள். நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரரைவிட இத்தாலியர் தொகை மிகுந்திருந்த காலமும் உண்டு. அவர்கள் வாழ்ந்த பேட்டைக்கு இன்றும் ‘சின்ன சிசிலி’ என்றே பெயர். ஆகஸ்ட் 15ஆம் நாள் திராப்பானி மாதாவின் சொரூபத்தைத் தோளில் சுமந்து அவர்கள் எடுத்த ஊர்வலத்தில் முஸ்லிம்களும் யூதர்களும் கலந்துகொண்டார்களாம். வறுமையால் ஊர் விட்டு வந்தவர்களுக்கு இடங்கொடுத்த அந்தக் கரையிலிருந்து, இன்று மறுதிசையில் செல்ல முயல்பவர்களைத் தடுப்பதற்கென்று அக்கரையிலிருந்தே பணம் வருகிறது.

துனிசிய ஜனாதிபதியின் மாளிகையான கார்த்தேஜ் அரண்மனை அங்கிருந்து சிறிது தூரமே. 2021 ஜூலை 25ஆம் நாள் ஜனாதிபதி கைஸ் சயீத், பிரதமரை நீக்கி நாடாளுமன்றத்தை முடக்கி, பின்னர் அதிகாரமனைத்தையும் தம் கையில் குவிக்கும் அரசியல் சட்டம் ஒன்றையும் நிறைவேற்றிக்கொண்டார். எதிர்க்கட்சியினரும் பத்திரிகையாளரும் வழக்கறிஞரும் சிறை புகுந்தனர். 2023 பிப்ரவரியில், சகாராவுக்குத் தெற்கேயிருந்து வரும் கறுப்பின மக்கள் தேசத்தின் ஜனத்தொகை அமைப்பையே மாற்றும் சதியின் கருவிகள் என்ற கருத்தில் அவர் பேச, தெருக்களில் அம்மக்கள் தாக்கப்பட்டார்கள். வீட்டுக்காரர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். ஜூலையில் ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து நூற்றுக்கணக்கானோரைப் பிடித்து, லிபிய எல்லைப் பாலைவனத்தில், தண்ணீரின்றிக் கொதிக்கும் வெயிலில் இறக்கிவிட்டார்கள். மணலில் ஒருவரையொருவர் ஒட்டி மாண்டு கிடந்த ஒரு தாயும் சிறு மகளும் உலகமெங்கும் படத்தில் காணப்பட்டனர். அதே மாதம் 16ஆம் நாள், ஐரோப்பிய ஆணையத் தலைவி ஊர்சுலா வான் டெர் லையனும், இத்தாலியப் பிரதமர் மெலோனியும், நெதர்லாந்துப் பிரதமர் ருட்டேயும் கார்த்தேஜ் அரண்மனையில் சயீதின் பக்கத்தில் நின்று புதியதோர் ஒப்பந்தத்தை உலகுக்கு அறிவித்தார்கள். எல்லைக் காவலுக்கும் அதைச் சார்ந்த வேலைகளுக்கும் 10.5 கோடி யூரோ. அந்த அரண்மனையின் வெளிமதிலைக் கடந்து போன நேரத்தில், இந்த இரண்டு செய்திகளும் ஒரே மாதத்தவை என்பதை எண்ணி என் நெஞ்சு கொதித்தது.

இத்தகைய பேரத்தில் பணம் கொடுப்பவன் எஜமானன் என்று நினைப்பது பெரும் பிழை. காவலை விற்பவன் காவலைத் தளர்த்தவும் கூடும். ஆகையால் வாங்கியவனே அவனுக்கு அஞ்ச வேண்டியவனாகிறான். ஐரோப்பா கறுப்பாகிவிடாமலிருக்க வருஷத்துக்கு 500 கோடி யூரோ வேண்டும் என்று 2010இல் ரோமாபுரியிலேயே நின்று கடாபி கேட்டார். 2021 மே மாதம் மொராக்கோ காவலர் சற்றே ஒதுங்கி நிற்க, இரண்டு நாளில் 8,000 பேர் ஸ்பெயினின் சியூத்தாவுக்குள் புகுந்தனர். சயீதும், ஒப்பந்தம் கையெழுத்தான மூன்றாம் மாதத்திலேயே ஐரோப்பா அனுப்பிய 6 கோடி யூரோவைத் திருப்பியனுப்பினார். 2025 ஜனவரியில் நடந்தது எல்லாவற்றிலும் கொடியது: மித்திகா சிறைக் கொடுமைகளுக்காகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பிடி ஆணைக்குள்ளான லிபிய அதிகாரி ஒசாமா அல்மஸ்ரி தூரின் நகரத்தில் கைதாகி, நடைமுறைக் குறையைக் காட்டி விடுவிக்கப்பட்டதும், இத்தாலிய அரசாங்க விமானமே அவரைத் திரிப்போலியில் கொண்டுபோய் இறக்கியது.

துனிஸிலிருந்து ‘லுவாஜ்’ என்னும் பங்கு வண்டிகளில் மாறி மாறி ஏறி, முடிவில்லாத ஒலிவத் தோப்புகளினூடே தெற்கே சென்று ஜர்ஜிஸ் பட்டினத்தை அடைந்தேன். கடல் ஒதுக்கும் உடல்களை இவ்வூர் ஜனங்கள் நெடுங்காலமாக எடுத்து அடக்கம் செய்து வருகிறார்கள். அல்ஜீரியக் கலைஞர் ரஷீத் குரைஷி தம் சொந்தப் பொருளைக் கொண்டு அங்கே அமைத்த ‘ஆப்பிரிக்கத் தோட்டம்’ என்னும் இடுகாடு 2021இல் திறக்கப்பட்டது. தலை குனிந்தே நுழைய வேண்டிய தாழ்ந்த வாசல். உள்ளே வர்ணப் பூவோடுகள் பதித்த நடைபாதை. மல்லிகை, மாதுளை, கிச்சிலி மரங்கள். வரிசையாக வெள்ளைச் சமாதிகள். பெயர் தெரியாதவர்களாகையால், எந்த நாளில், எந்தக் கடற்கரையில், என்ன நிற உடையோடு கிடைத்த ஆண் அல்லது பெண் என்பதே கல்லில் பொறித்திருக்கிறது. கறுப்புச் சட்டை அணிந்த ஒருவன். அவனுக்கு அடுத்தாற்போல் ஒரு பெண். இதே ஊர்ப் பிள்ளைகள் 18 பேர் 2022 செப்டம்பரில் படகோடு காணாமற் போனபோது, கரை ஒதுங்கிய அவர்களுள் சிலரின் உடல்களையும் அதிகாரிகள் அடையாளம் பாராமல் அநாமதேயங்களாக இங்கே புதைத்துவிட்டனர். ஊரே கொந்தளித்து, அக்டோபர் 18ஆம் நாள் கடையடைப்பு நடத்தி நியாயம் கேட்டது. “எங்கள் மீனவர் கடலில் ஆளைக் கண்டால் எந்த ஊர் என்று கேட்பதில்லை, தூக்கிப் படகில் போடுவார்கள்” என்று அங்கே ஒரு முதியவர் எனக்குச் சொன்னார்.

அண்டை அரசாங்கத்தோடு உறவே கூடாதென்று நான் வாதிக்கவில்லை. மூழ்குபவரைக் காப்பாற்றவும், நோய்க்கு மருந்து அனுப்பவும், வேலைக்கு முறையான விசா வழங்கவும், எந்த சர்வாதிகாரியோடும் உட்கார்ந்து பேசலாம், பேசவும் வேண்டும். 2016ஆம் ஆண்டு முதல் சாந்த் எஜிதியோ சமூகமும் இத்தாலியப் புராட்டஸ்டன்ட் சபைகளும் அரசாங்கத்தோடு இசைந்து, லெபனானிலிருந்த சிரிய அகதிகளை விமானத்தில் முறைப்படி அழைத்து வந்து குடியேற்றியிருப்பது, இதற்கு வேறு மார்க்கம் உண்டு என்பதற்கு அத்தாட்சி. ஆனால் தன் நீதிமன்றம் தன் கையால் செய்யக் கூடாதென்று தடுத்த ஒன்றை, கேள்வி கேட்க நீதிமன்றமே இல்லாத இடத்தில் பிறர் கையால் செய்விக்கக் கூலி கொடுக்கும் தேசம், அந்தக் குற்றத்தைத் தானே செய்ததாகும். விடுதி அம்மையாரின் கஷ்டம் உண்மையானது. அதைத் தீர்க்க வேண்டிய கடமை ரோமாபுரிக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் உண்டு. தஜூராவின் கொட்டடியில் அதற்குத் தீர்வு இல்லை.

லிபியாவோடு செய்த 2017ஆம் ஆண்டின் ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தானே புதுப்பித்துக்கொள்ளும் தன்மையுடையது. அதை முடிவுக்குக் கொண்டுவர எந்த மாநாடும் வேண்டாம். தவணை முடிய மூன்று மாதம் இருக்கும்போது இரு தரப்பில் ஒன்று எழுத்து மூலம் அறிவித்தால் போதும் என்று அதன் வாசகமே சொல்கிறது. 2020, 2023 ஆகிய ஆண்டுகளின் புதுப்பிப்புக்கு முன் இத்தாலி அந்த அறிவிப்பைத் தரவில்லை. இத்தாலியின் பிரஜைகள் தம் அரசாங்கத்தைக் கொண்டு அதை எழுதுவிக்க வேண்டும்.